கொன்றது யார்? - உகண்டாவிலிருந்து ஒரு விசித்திரத் திரைப்படம்

'கப்டன் அலெக்ஸைக் கொன்றது யார்?' என்ற உகண்டாத் திரைப்படம் 2010 இல் எடுக்கப்பட்டது. 2015 இல் யூடியூப்பில் முழுமையாக வெளியான பின்னர் உலகெங்கும் பார்த்துச் சிரிக்கப்பட்டது. சிரிக்க வைக்கும் படம்தான். ஆனால் அந்தச் சிரிப்பு எத்தகையது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இதனை இயக்கியவர் ஐசாக் நப்வானா. தலைநகர் கம்பாலாவின் வக்காலிகா என்ற சேரிப்பகுதியைச் சேர்ந்தவர். செங்கல் அறுத்துப் பிழைத்தவர். செலவு 200 அமெரிக்க டொலருக்கும் குறைவு என்று சொல்லப்படுகிறது. நடித்தவர்கள் அக்கம்பக்கத்தார். துப்பாக்கிகள் பழைய இரும்பில் செய்தவை. கணினியில் உருவாக்கிய ஹெலிகொப்டர் நகரத்தின் மீது குண்டு பொழிகிறது. பிரதிகளை நடிகர்களே வீடுவீடாகக் கொண்டு சென்று விற்றார்கள்.

அமெரிக்காவில் முன்னர் மலிவான திரையரங்குகளில் இரத்தமும் சண்டையுமான சில்லறைப் படங்கள் தேய்ந்த பிரதிகளாக ஓடின. அந்தத் தேய்மானத்தை நினைவூட்டவென்றே டரன்டினோவும் ரொட்ரிகஸும் 2007 இல் 'கிரைண்ட்ஹவுஸ்' படத்தில் செயற்கையாகக் கீறல்களை உண்டாக்கினார்கள். பெரும் பணத்தில் செய்யப்பட்ட ஏழ்மை அது. நப்வானாவின் படத்திலோ ஏழ்மை வேடமல்ல. அடுத்த படத்துக்குக் கணினியில் இடம் வேண்டி மூலப்பிரதியையே அவர் அழிக்க நேர்ந்தது. இன்று எஞ்சியிருப்பது, பின்னணியில் ஒருவர் ஓயாமல் பேசும் மங்கலான பிரதி மாத்திரமே.

அந்தப் பேச்சுத்தான் படத்தின் உயிர். உகண்டாவின் வீடியோ கொட்டகைகளில் அந்நிய மொழிப் படம் ஓடும்போது ஒருவர் ஒலிவாங்கியுடன் அமர்ந்து, கதையை உள்ளூர் மொழியில் சொல்லியபடியே தன் பகிடிகளையும் சேர்ப்பார். 'வீடியோ ஜோக்கர்' என்று அவருக்குப் பெயர். இப்படத்தில் அப்பணியைச் செய்பவர் எம்மி. வீரனைப் புகழ்கிறார், விழுந்தவனைக் கேலி செய்கிறார், இடையே தம் குழுவின் படங்களுக்கு விளம்பரமும் செய்கிறார். குறைகளை நாம் கண்டு சிரிக்குமுன் அவரே சிரித்துவிடுகிறார். ஆகவே ஏளனத்தோடு வருபவனும் அவர்களது விளையாட்டில் ஒருவனாகிவிடுகிறான். வசதி படைத்தவனின் ஏளனத்தை இவ்வளவு இலகுவாக வென்ற படைப்பு வேறொன்றை நான் அறியேன்.

இது முழுப் பாராட்டு அல்ல. அந்தக் குரல் எதையும் நம் மனதில் தங்க விடுவதில்லை. கொமாண்டோக்களும் கள்ளக் கும்பலும் கூட்டங்கூட்டமாகச் சாகிறார்கள். ஒவ்வொரு சாவும் ஒரு பகிடி. எதிரிகள் தேடி வருமுன்பே கப்டன் அலெக்ஸ் இறந்து கிடக்கிறான். குங்ஃபூ கற்ற சகோதரன் பழிவாங்கப் புறப்படுகிறான். கொன்றது யார் என்பது மட்டும் இறுதிவரை சொல்லப்படுவதேயில்லை. தலைப்பில் கேட்ட கேள்வியைப் படமே மறந்துவிடுகிறது.

இதைக் கதைக் கோளாறு என்று தள்ளிவிடலாம். பகிடி என்றும் கொள்ளலாம். நப்வானா பிறந்தது 1973 இல், இடி அமீனின் ஆட்சிக்காலத்தில். அவர் வளர்ந்த நாட்டில் கொன்றவன் யாரென்று கேட்க முடியாத சாவுகள் ஏராளம். 2009 வரை யுத்தத்தில் வாழ்ந்த நம் நாட்டிலும் அத்தகைய மையித்துகளை அடக்கிவிட்டு, கேள்வியைத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வீடு திரும்பியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு விடையற்ற அந்த முடிவு புதிதல்ல. இயக்குநர் இதை எண்ணித்தான் செய்தார் என்று நான் வாதிட வரவில்லை. படைப்பு சில வேளை படைத்தவன் அறியாததையும் சொல்லிவிடுகிறது.

அதனால்தான் படம் முடிந்த பின்பும் அதன் தலைப்பு எனக்குப் பகிடியாகத் தோன்றவில்லை. விலையுயர்ந்த அதிரடிப் படங்கள் கொலைகாரனைக் காட்டி, அவனைக் கொன்று, நம்மை ஆறுதலோடு வீட்டுக்கு அனுப்புகின்றன. இந்த ஏழைப்படம் வயிறு குலுங்கச் சிரிக்க வைத்துவிட்டு, கேள்வியை நம் கையிலேயே விட்டுச் செல்கிறது. இரண்டில் நேர்மையானது எதுவென்று வாசகர்கள் பார்த்துத் தீர்மானிக்கட்டும்.