பெற்றோரிழந்த பிள்ளைகளும் அனிமேயின் நான்கு வழிகளும்

சங்கத்தின் மலர்க் குழுவினர் அன்புடன் பணித்ததற்கிணங்க எழுதப்படும் இக்கட்டுரை, பெற்றோரை இழந்த குழந்தைகளின் துயரைச் சொல்லும் செவ்விலக்கியங்களை ஜப்பானியத் தொலைக்காட்சி அனிமே எவ்வெவ்வழிகளில் கையாண்டது என்பதையும், அவ்வழிகளை மதிப்பிட மூத்தோர் வகுத்துத் தந்த அளவுகோல் யாது என்பதையும் தொகுத்துக் கூற முயல்கிறது. உறுப்பினர்கள் இத்தொடர்களைப் பலமுறை பார்த்தவர்கள் ஆதலால், கதைச்சுருக்கங்கள் இங்கே தவிர்க்கப்படுகின்றன.

இம்மரபு வேரூன்றிய களம் ஃபியூஜி தொலைக்காட்சியின் ஞாயிறு இரவு 7.30 மணி நேரம் ஆகும். 1974இல் ஸுயியோ நிறுவனத்தின் 'ஹைடி' அந்நேரத்தில் ஒளிபரப்பாகியது. அடுத்த ஆண்டு தோன்றிய நிப்பான் அனிமேஷன் நிறுவனம் அந்நேரத்துத் தொடர் வரிசையைத் தன் பொறுப்பில் ஏற்று 1997 மார்ச் வரை நடத்தியது. ஜனவரியில் தொடங்கும் ஒரு நாவல் டிசம்பரில் முடியும் என்ற ஒழுங்கு பல்லாண்டுகள் பேணப்பட்டதால், கதையில் பனி உருகுவதும் பார்ப்பவரின் ஊரில் வசந்தம் வருவதும் ஒரு காலத்திலேயே நிகழ்ந்தன. ஹைடி, நெல்லோ, பெரீன், ஆன், சாரா, பொலியானா, ஜூடி என அநாதைக் குழந்தைகளே இவ்வரிசையில் மிகுந்து காணப்படுவது தற்செயலன்று. தாய்தந்தையரின் காவல் இல்லாத குழந்தை உலகத்தைத் தானே நேரில் சந்திக்க வேண்டியிருப்பதால், சமூகத்தின் கொடுமையும் ஈரமும் அக்குழந்தையின் வழியாகவே முழுமையாகப் புலப்படுகின்றன.

நான்கு வழிகளுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது இசாவோ தகஹாத்தாவின் வழி. சங்கத்தின் மூத்தோர் தலைமுறைகளாகப் பயிற்றுவித்து வந்ததும், இக்கட்டுரை தனக்குரியதாகக் கருதுவதும் இவ்வழியே ஆகும். 1973இல் தகஹாத்தா, ஹயாவோ மியாசாகி, பாத்திர வடிவமைப்பாளர் யோய்ச்சி கொத்தாபே ஆகியோர் சுவிட்சர்லாந்து சென்று மலைகளையும் மரவீடுகளையும் நேரில் கண்டு திரும்பினர். தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காக இத்தகைய களப்பயணம் மேற்கொள்வது அக்காலத்தில் அரிய செயல். 'ஹைடி'யின் 52 பகுதிகளுக்கும் மியாசாகியே லேஅவுட் வரைந்தார். லேஅவுட் என்பது ஒவ்வொரு காட்சித்துண்டிலும் பாத்திரம் எங்கே நிற்கிறது, பின்னணி எவ்வளவு தெரிகிறது, பார்வை எந்தக் கோணத்திலிருந்து அமைகிறது என்பவற்றை ஒரே தாளில் தீர்மானித்து, அசைவு ஓவியருக்கும் பின்னணி ஓவியருக்கும் பொது அடிப்படையாக அளிக்கும் வரைவு ஆகும். இவ்வேலை ஒருவர் கையில் இருந்ததனால்தான் தாத்தாவின் குடிசையில் அடுப்பு, ஏணி, வைக்கோல் படுக்கை ஆகியவை தம் இடம் மாறாமல் இருந்து, அக்குடிசை நம்பத்தக்க வீடாயிற்று.

தகஹாத்தா வழியின் சாரம், துயரைக் கண்ணீரால் காட்டாமல் அன்றாடப் பொருள்களாலும் உழைப்பாலும் காட்டுவதில் உள்ளது. நெருப்பில் உருகும் பாலாடைக்கட்டியும் ஆட்டுப்பாலும் முன்பே பொறுமையாகக் காட்டப்பட்டதால்தான், ஃபிராங்க்ஃபர்ட் நகர வீட்டில் ஹைடி வெள்ளை ரொட்டிகளை ஆடு மேய்க்கும் சிறுவன் பேத்தரின் பாட்டிக்காக அலமாரியில் ஒளித்து வைக்கும்போது, அவளுடைய ஏக்கம் சொல்லாமலே விளங்குகிறது. ஜோஹன்னா ஸ்பைரியின் நாவலில் பேத்தர் பொறாமையால், நடக்க இயலாத சிறுமி கிளாராவின் சக்கர நாற்காலியை மலைச்சரிவில் உருட்டிவிடுகிறான். தகஹாத்தா அச்செயலை நீக்கி, கிளாரா அச்சமும் தயக்கமும் கடந்து மெல்ல மெல்ல நடக்கக் கற்பதையே பல பகுதிகளில் விரித்தார். மூலத்தை மாற்றுவதாயினும் குழந்தையின் மனத்துக்கு உண்மையாக மாற்ற வேண்டும் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

தாயைப் பிரிந்த சிறுவனின் பயணமாகிய 'மார்கோ' (1976), எத்மோந்தோ தெ அமிச்சிஸின் 'குவோரே' நூலில் இடம்பெறும் ஒரு சிறுகதையிலிருந்து 52 பகுதிகளாக வளர்ந்தது. 'ஆன்' (1979) தொடரிலோ, யோஷிஃபூமி கோண்டோ வடிவமைத்த எலும்பெடுத்த, அகன்ற நெற்றியுடைய சிறுமியின் முகம் 50 பகுதிகளில் பார்ப்பவர் அறியாமலே இளம்பெண்ணின் முகமாக முதிர்ந்தது. நொசாகா அகியுக்கியின் சிறுகதையைத் தழுவி 1988இல் வெளிவந்த 'மின்மினிகளின் கல்லறை' திரைப்படமும் இவ்வழியின் முதிர்ந்த கனியே. போரில் தாயை இழந்த அண்ணன் தங்கையின் அழிவு அதில் அரிசியாலும் மிட்டாய் டப்பாவாலும் அளந்து காட்டப்படுகிறது. ஹிரோஷி சாய்த்தோ முதலானோர் இயக்கிய 'பெரீன்' (1978) தகஹாத்தாவின் படைப்பன்று எனினும் இவ்வழிக்கு உறவுடையது. எக்தோர் மாலோவின் நாவல் பாரிஸ் நகர வாயிலில்தான் தொடங்குகிறது, தொடரோ பொஸ்னியாவிலிருந்து தாயும் மகளும் வரும் நெடும்பயணத்தை முன்னே சேர்த்து, பின்னர் அநாதையான பெரீன் குளக்கரைக் குடிசையில் தங்கித் தன் காலணியைத் தானே செய்து, ஆலைக் கூலியில் வாழ்வதை நிதானமாகக் காட்டுகிறது.

இரண்டாவது, பொறுமையையே அறமாகக் கொண்ட வழி. யோஷியோ குரோடாவின் 'ஃபிளாண்டர்ஸ் நாய்' (1975) வீடாவின் சிறிய கதையை ஓராண்டுக்கு விரித்தது; அமெரிக்கத் திரைப்பட வடிவங்கள் சில மகிழ்ச்சியான முடிவைத் தேடிக்கொண்டிருக்க, குரோடா நெல்லோவையும் அவன் நாய் பத்ராஷையும் ஆண்ட்வெர்ப் பேராலயத்தில் ரூபன்ஸின் ஓவியத்தின் முன் உயிர் துறக்கவே விட்டார். ஃபூமியோ குரோகாவாவின் 'சாரா' (1985) 46 பகுதிகளில் பணிப்பெண்ணாக்கப்பட்ட சிறுமியின் இழிவுகளை மூலத்தைவிட மிகுத்துக் காட்டி, இறுதியில் பள்ளித் தலைவி மின்ச்சின் அம்மையாரோடு அவளைச் சமாதானம் கொள்ளச் செய்தது. இம்மிகுதி பற்றி மூத்தோரிடையே கருத்து வேறுபாடு உண்டு; ஆயினும் சாரா தன் மதிப்பை ஒரு பகுதியிலும் இழப்பதில்லை என்பதை அனைவரும் ஒப்புவர்.

மூன்றாவது ஒசாமு தெசாகியின் வழி. 1977இல் டோக்கியோ மூவி ஷின்ஷா நிறுவனத்துக்காக அவர் இயக்கிய 'ரெமி', காட்சியின் உச்சத்தில் அசைவை நிறுத்தி அக்கணத்தைத் தீட்டிய ஓவியமாக மாற்றும் உத்தியாலும், பின்னணி அடுக்குகளை வெவ்வேறு வேகத்தில் நகர்த்தி, ஒரு கண்ணுக்குக் கருங்கண்ணாடி அணிந்தோருக்கு ஆழம் தெரியச் செய்த முறையாலும் தனித்து நிற்கிறது. ரெமியின் ஆசானாகிய விட்டாலிஸ் பனியில் இறப்பதை அது நாடகமாக்குகிறது எனினும், சிறுவன் நடந்தே ஆளாகும் நெடுவழியைச் சுருக்கவில்லை.

நான்காவது கோசோ குசுபாவின் வழி, நட்பையும் துணிவையும் முன்னிறுத்துவது. லீசா டெட்ஸ்னரின் நாவலைத் தழுவி, மிலான் நகரில் புகைபோக்கி துடைக்க விற்கப்பட்ட சிறுவர்களைப் பற்றிய 'ரோமியோ' (1995) 33 பகுதிகளே கொண்டதாயினும் உயர்ந்த படைப்பு. ரெமியைச் சிறுமியாக்கிய 1996ஆம் ஆண்டின் தொடரோடு பழைய வரிசை நின்றது. 2007இல் 'கோசெத்' தொடரால் அது மீண்டும் உயிர்பெற்றும் நெடுங்காலம் நீடிக்கவில்லை.

இந்நான்கு வழிகளுக்கும் பொதுவான அளவுகோல் மூன்று: குழந்தை எதை உண்கிறது, எங்கே உறங்குகிறது, என்ன வேலை செய்கிறது என்பவை தெளிவாகத் தெரிய வேண்டும், இழப்பு நேர்வதற்கு முன் இழக்கப்படுவது பழக்கப்பட்டிருக்க வேண்டும், இரக்கம் குழந்தையைச் சிறுமைப்படுத்தக் கூடாது.

இன்றைய படைப்பாளர் சிலர், அவர்கள் திறமையை எவ்வகையிலும் குறைத்துக் கூறுதல் நோக்கமன்று, இவ்வளவுகோலை மறந்தனரோ என ஐயுற இடமுண்டு. பெயர் சுட்டுவது மலருக்கு அழகன்று. ஓவிய நுட்பத்திலும் வண்ணத்திலும் அவர்கள் முன்னோரை மிஞ்சவும் கூடும். ஆனால் ஓராண்டுக் கதையைச் சில வாரங்களுக்குள் அடக்கும்போது முதலில் வெட்டப்படுவது ரொட்டி சுடும் காட்சியும் பால்வண்டி இழுக்கும் காட்சியுமே. எஞ்சுவது மரணமும் அழுகையும். பார்ப்போரும் இதற்கு உடன்படுகின்றனர்: தொடக்கப் பாடலைத் தாண்டிவிடுகின்றனர், காட்சிகளை வேகம் கூட்டிப் பார்க்கின்றனர், நெல்லோவின் இறுதிக் காட்சியை மட்டும் துண்டாக்கி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கின்றனர். 51 பகுதிகளின் வாழ்வைக் காணாதவர் இறுதிப் பகுதியின் சாவுக்குச் சிந்தும் கண்ணீருக்கு என்ன பெறுமதி? பசித்த குழந்தையோடு ஒரு வாரம் காத்திருக்க இயலாத கண், தன் தெருவில் பசித்து நிற்கும் குழந்தையிடத்தும் காத்திராது. கதை கேட்கும் பண்பு அழியுமிடத்து இரக்கமும் அழியும், இரக்கம் அழிந்த சமூகத்தில் எந்தக் கலையும் நிலைக்காது. இச்சீர்கேட்டைச் சிறிதென எண்ணி அமைதி காப்பது, இம்மரபைக் கற்பித்த முன்னோருக்கு இழைக்கும் தவறாகும்.

ஆகவே, சங்கம் இனி நடத்தும் திரையிடல்களில் தேர்ந்தெடுத்த காட்சிகளைக் காட்டும் வழக்கத்தைக் கைவிட்டு, ஆண்டுக்கு ஒரு தொடர் என்ற முறையில், 'ஹைடி' தொடங்கி, வாரம் ஒரு பகுதியாக, தொடக்கப் பாடலும் முடிவுப் பாடலும் வெட்டப்படாமல் முழுமையாகக் காட்ட வேண்டும் என்றும், உறுப்பினர்கள் தத்தம் பிள்ளைகளை அவற்றுக்குத் தவறாது அழைத்துவர வேண்டும் என்றும் இம்மலரின் வாயிலாக வேண்டிக்கொள்ளப்படுகிறது.