வீட்டுத் திரையும் அமானத்தும்

தொலைக்காட்சிப் பெட்டியை வீட்டிற்குள் அனுமதிக்கலாமா என்ற விவாதம் நம் சமுதாயத்தில் நெடுங்காலம் நடந்தது. விவாதம் முடியுமுன்பே பெட்டி கூடத்திற்குள் வந்துவிட்டது. இன்று கைப்பேசியாகிச் சட்டைப்பைக்குள்ளும் புகுந்துவிட்டது. இனி, பார்ப்பதை எந்த உரைகல்லில் உரசிப் பார்ப்பது என்பதே நம்முன் உள்ள வினா. அண்மையில் எம் இல்லத்தார் இஷாத் தொழுகைக்குப் பின் ஒன்றாக அமர்ந்து கண்ட நான்கு படைப்புகளை முன்வைத்து இவ்வினாவை ஆராய விழைகிறோம்.

கதைசொல்லிகள் குறித்த கவலை நமக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 597இல் மறைந்த பக்தாதின் இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள், 'குஸ்ஸாஸ்' எனப்படும் கதைசொல்லிகளைப் பற்றித் தனிநூலே யாத்தார்கள். தாமே பெரும் சொற்பொழிவாளரான அவர்கள் அக்கலையை அடியோடு மறுக்கவில்லை; ஆதாரமற்ற செய்திகளைக் கூறி மக்களை உருக வைப்போரையே கடிந்தார்கள். இன்றைய குஸ்ஸாஸ்கள் திரையில் தோன்றுகிறார்கள். அவர்களிடமும் நாம் எதிர்பார்க்க வேண்டியது அமானத் எனும் பொறுப்புணர்வையே.

முஸ்தஃபா அக்காத் இயக்கி 1976இல் வெளிவந்த 'அர்ரிஸாலா'வில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் உருவமும் இல்லை, குரலும் இல்லை. பிறர் கேமராவை நோக்கிப் பேசுகிறார்கள். மறுமொழியை உடனிருப்போரின் முகங்களிலிருந்தே நாம் உணர்கிறோம். மார்க்க வரம்புக்காக மேற்கொண்ட இவ்வடக்கம் படத்தின் கலைவலிமையாகவும் ஆகிவிட்டது. ஆயினும் ஒன்று சிந்திக்கத்தக்கது: நபியவர்களின் பார்வை நின்ற இடத்தில் பார்வையாளன் நிறுத்தப்படுகிறான். அந்த இடம் நமக்குரியதா? காட்டாமல் விடுவதிலும் பேணவேண்டிய ஒழுக்கம் உண்டு. இப்படம் அரபியிலும் ஆங்கிலத்திலும் வெவ்வேறு நடிகர்களைக் கொண்டு எடுக்கப்பட்டது. ஹம்ஸா (ரலி) அவர்களுக்கு அங்கொரு முகம், இங்கொரு முகம். இரண்டையும் கண்ட எம் வீட்டுப் பிள்ளைகள் எதையும் உண்மை முகமென்று கொள்ளவில்லை.

2012 ரமளானில் எம்.பி.சி. ஒளிபரப்பிய 'உமர்' தொடரில் அந்தப் பாதுகாப்பு இல்லை. வலீத் ஸைஃப் எழுத, ஹாத்திம் அலீ இயக்கிய இத்தொடரின் எழுத்தை யூசுஃப் அல்கர்ளாவி உள்ளிட்ட அறிஞர்கள் மேற்பார்வையிட்டனர். நபித்தோழர்களை நடிகர்கள் உருவகிப்பதை அல்அஸ்ஹர் ஆட்சேபித்தது. உரையாடலின் தூய அரபி, மாணவர்களுக்குக் கிடைத்த விருந்து என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு மாத காலம் ஒரே முகத்தைக் கண்ட பிள்ளைகளிடம் இன்று உமர் (ரலி) அவர்களைப் பற்றிப் பேசினால், அவர்கள் உள்ளத்தில் எழுவது அந்த நடிகரின் முகமே. இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்களின் 'ஷமாயில்' நபியவர்களின் திருத்தோற்றத்தைச் சொல்லால் விவரிக்கிறது. நம் உமறுப்புலவரின் சீறாப்புராணம் அந்தத் திருவாழ்வைச் செய்யுளில் பாடுகிறது. சொல், கேட்போரின் உள்ளத்திற்கு இடம் விடுகிறது. திரை அந்த இடத்தைத் தானே நிரப்பிவிடுகிறது. அல்அஸ்ஹரின் ஆட்சேபத்தை ஃபிக்ஹுச் சட்டமாக மட்டுமின்றி, இலக்கியக் கோணத்திலும் நோக்குதல் தகும்.

2014 முதல் 2019 வரை துருக்கியின் டி.ஆர்.டி. ஒளிபரப்பிய 'எர்துக்ருல்' தொடர் வேறொரு சிக்கலை எழுப்புகிறது. எர்துக்ருலைப் பற்றிய பழஞ்சான்றுகள் மிகச் சொற்பம்: மகன் உஸ்மானின் நாணயத்தில் காணும் பெயரும், நூறாண்டுக்கும் மேல் கழித்து எழுதப்பட்ட வரலாறுகளுமே பெரும்பகுதி. அந்த வெற்றிடத்தைத் தொடர் ஐந்து பருவங்களாகக் கற்பனையால் நிரப்புகிறது. ஹிஜ்ரி 638இல் மறைந்த ஷைகு இப்னு அரபீ அவர்கள் அதில் எர்துக்ருலின் வழிகாட்டியாக வருகிறார்கள்; இருவரும் சந்தித்ததற்கு வரலாற்றுச் சான்று கிடையாது. கற்பனை குற்றமன்று. ஆனால் எம் இல்லத்து இளையவர் ஒருவர் அக்காட்சியை வரலாறாகவே மேற்கோள் காட்டியபோது, இப்னுல் ஜவ்ஸீ அவர்களின் கவலை எட்டு நூற்றாண்டுகளைக் கடந்து எம் கூடத்திற்கே வந்து சேர்ந்தது.

நான்காவது படைப்பு, ஈரானின் மஜீத் மஜீதி 1997இல் அளித்த 'சொர்க்கத்தின் குழந்தைகள்'. இதில் நபித்தோழரும் இல்லை, போர்க்களமும் இல்லை. தங்கையின் காலணியைத் தொலைத்துவிட்ட ஓர் ஏழைச் சிறுவனின் கதை. பள்ளிவாசலுக்குரிய சர்க்கரைக் கட்டிகளைத் தந்தை வீட்டில் உடைத்துக்கொண்டிருக்கிறார். மகள் சர்க்கரையில்லாத தேநீரைக் கொண்டுவந்து வைக்கிறாள். எதிரே சர்க்கரை குவிந்து கிடக்கிறது. ஆயினும் அது பள்ளிவாசலுடையது என்று கூறி, அவர் அதிலிருந்து ஒரு துண்டும் எடுக்க மறுக்கிறார். தொலைந்த காலணி பார்வையற்ற ஒருவருடைய மகளின் காலில் இருப்பதைக் கண்ட அண்ணனும் தங்கையும் அதைக் கேட்காமலே திரும்பிவிடுகிறார்கள். எவரும் உபதேசம் செய்யவில்லை. அமானத் என்ற சொல்லுக்கு நாம் வகுப்பறையில் தரும் விளக்கங்கள் பலவற்றினும் அந்தத் தேநீர்க் காட்சி தெளிவானது.

நான்கையும் அருகருகே வைத்து நோக்கினால், ஒரு படைப்பின் சமயத்தன்மை அதன் பாத்திரங்களின் பெயர்களில் இல்லை என்பது புலனாகும். புனிதர்களைப் பற்றிய படைப்பு அமானத்தில் தவறலாம். செருப்பைப் பற்றிய படைப்பு அதனைப் பேணலாம். எனவே பெற்றோர் தொடர்களைத் தடுப்பதோடும், 'இஸ்லாமியப் படம்' என்ற முத்திரையை நம்பி அனுமதிப்பதோடும் தம் கடமை முடிந்ததெனக் கருதலாகாது. பார்த்து முடித்த இரவிலேயே ஸீரா நூலொன்றைத் திறந்து, 'இக்காட்சி எந்நூலில் உள்ளது? அதை அறிவித்தவர் யார்?' என்று பிள்ளைகளோடு தேட வேண்டும். இஸ்னாத் எனும் அறிவிப்பாளர் தொடரை உலகிற்கு அளித்த சமுதாயத்தின் பிள்ளைகளுக்கு இக்கேள்விகள் அந்நியமாகிவிடக் கூடாது.