எண் சொல்வது பாதிதான்: பழைய செடானில் ஓபிடி ஸ்கேனர்

பத்து வயது தாண்டிய பெட்ரோல் செடானை விற்க மனமில்லாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், புது சீட் கவருக்கும் ஆடியோ சிஸ்டத்துக்கும் முன்னால் வாங்க வேண்டிய பொருள் ஒன்று இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஓபிடி ஸ்கேனர். ஸ்டியரிங்குக்குக் கீழே, ஓட்டுபவரின் முழங்காலுக்கு அருகில் இருக்கும் 16 பின் சாக்கெட்டில் இதைச் செருகி, ப்ளூடூத் வழியாகக் கைபேசியோடு இணைத்துவிட்டால், இன்ஜினை நடத்தும் கணினி எதைப் பார்க்கிறதோ அதை நாமும் பார்க்கலாம். விலை சில நூறு ரூபாயில் தொடங்குகிறது. என் பழைய செடானிலும், நண்பர்களும் உறவினர்களும் வைத்திருக்கும் ஏறக்குறைய அதே வயது கார்களிலும் செருகிப் பார்த்த பிறகே எழுதுகிறேன். வாங்குங்கள் என்பதுதான் என் முடிவு. ஆனால் பெரும்பாலோர் எதற்காக வாங்குகிறார்களோ அதற்காக அல்ல.

டேஷ்போர்டில் மஞ்சள் நிற ‘செக் இன்ஜின்’ விளக்கு எரிந்தால் காரணம் தெரிந்துகொள்ளத்தான் எல்லாரும் இதை வாங்குகிறார்கள். ஸ்கேன் செய்தால் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் வரும். பி என்றால் இன்ஜின், கியர்பாக்ஸ் சார்ந்தது. முதல் இலக்கம் பூஜ்யமாக இருந்தால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு. பி 0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். பி 0171 என்றால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை. பி 0420 என்றால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்ற சந்தேகம்.

பணம் வீணாவது இந்த இடத்தில்தான். குறியீட்டை இணையத்தில் தேடி, முதலில் கண்ணில் படும் பாகத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு, சென்னையில் என்றால் நேரே புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பி 0420 வந்ததுமே கன்வெர்ட்டரை மாற்றச் சொல்லும் பட்டறைகளும் உண்டு. பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் பூசப்பட்ட, காரிலேயே விலை கூடிய பாகங்களுள் ஒன்று அது. அதைத் தொடுவதற்கு முன்னால் புகைக்குழாயில் எங்கேயாவது கசிவு இருக்கிறதா, கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார் சரியா, இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். குறியீடு எங்கே தேடத் தொடங்க வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்வதில்லை.

வயதான செடானில் அடிக்கடி வரும் தொல்லை மிஸ்ஸிங்தான். சிக்னலில் நிற்கும்போது வண்டி குலுங்கும். இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் வெட்டி வெட்டி இழுக்கும். என் காரில் இது வந்தபோது, “நாலு காயிலையும் மாத்திடலாம் சார், பிளக்கும் சேர்த்துப் போட்டுடலாம்” என்றார்கள். ஸ்கேனர் காட்டியது பி 0302. சிலிண்டருக்கு ஒரு காயில் என்று அமைந்த இன்ஜின் அது. அத்தகைய இன்ஜினில் செய்ய வேண்டியது எளிது. இன்ஜின் ஆறிய பிறகு இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவது சிலிண்டரிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் மாட்டி, குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். மறுபடி விளக்கு எரிந்தபோது வந்தது பி 0303. காயில் போன இடத்துக்குக் குறையும் கூடவே போயிருக்கிறது. ஆக, மாற்ற வேண்டியது அந்த ஒரு காயில் மட்டும்தான்.

குறியீடு நகராமல் அதே சிலிண்டரில் நின்றால், பிளக்கையும் இதே மாதிரி இடம் மாற்றிப் பார்க்கலாம். அதற்கும் அசையவில்லை என்றால் இன்ஜெக்டர், வால்வு, கம்ப்ரஷன் என்று விஷயம் உள்ளே போகிறது. அதை மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும். காயிலைக் கழற்றும்போது பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்க்க மறக்காதீர்கள். அங்கே ஆயில் தேங்கியிருந்தால் டேப்பெட் கவர் பேக்கிங் இறுகிப்போய்க் கசிகிறது என்று அர்த்தம். அதை மாற்றாமல் புதுக் காயில் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும். இன்னொன்று: செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னினால், வண்டியை ஓரங்கட்டி நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதைப் பாழாக்கிவிடும்.

இந்தக் கருவிக்கு நான் கொடுக்கும் மதிப்பெல்லாம் லைவ் டேட்டா பக்கத்துக்காகத்தான். அதில் முதலில் பார்க்க வேண்டியது பியூயல் டிரிம். ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துப் பார்த்துக் கணினி பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது. எத்தனை சதவீதம் என்பதுதான் டிரிம். ஷார்ட் டெர்ம் நொடிக்கு நொடி ஆடும். லாங் டெர்ம் மெல்ல நகரும், வண்டியின் நெடுநாள் போக்கைக் காட்டும். இரண்டின் கூட்டுத்தொகை 10 சதவீதத்துக்குள், கூடவோ குறையவோ இருந்தால் பழைய வண்டிக்குக் கவலையில்லை. ஐட்லிங்கில் 20 வரை ஏறி, 2,500 ஆர்பிஎம்மில் இறங்கிவிட்டால் எங்கோ ஒரு வாக்குவம் ஹோஸ் வெடித்துக் காற்றை உறிஞ்சுகிறது. ஐட்லிங்கில் ஒழுங்காக இருந்து, மேடு ஏறும்போது மட்டும் உயர்ந்தால் பெட்ரோல் பம்ப்பும் ஃபில்டரும் சந்தேகத்துக்கு உரியவை.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, இதைச் சொல்பவர்கள் குறைவு. நம் சாலைகளில் ஓடும் சிறிய பெட்ரோல் செடான்கள் பலவற்றில் காற்றை நேரடியாக அளக்கும் மேஃப் சென்சார் கிடையாது. மேனிஃபோல்டில் உள்ள அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் மேப் சென்சார்தான். இவற்றில் ஹோஸ் வெடித்தால், உள்ளே புகுந்த அந்தக் காற்றும் கணக்கில் சேர்ந்து அதற்குரிய பெட்ரோலும் போய்விடும். டிரிம் அதிகம் அசையாது, ஐட்லிங் மட்டும் வழக்கத்தைவிட உயர்ந்து நிற்கும். மேஃப் சென்சார் உள்ள கார்களை வைத்து எடுத்த வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து டிரிம் எண்ணை மட்டும் நம்பினால், கண்ணெதிரே இருக்கும் வெடிப்பைத் தவறவிடுவோம். பானட்டைத் திறந்து ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக விரலால் வளைத்துப் பார்ப்பதற்கு எந்தச் செயலியும் மாற்று இல்லை.

நம் ஊர் வெயிலில் இதைவிடவும் முக்கியம் கூலன்ட் வெப்பநிலை. டேஷ்போர்டு முள்ளை நம்ப முடியாது. ஏறத்தாழ 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை எதுவாக இருந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி பல கார்களில் அதை அமைத்திருக்கிறார்கள். சில கார்களில் முள்ளே கிடையாது, நீலமும் சிவப்புமாக விளக்குதான். ஸ்கேனர் டிகிரி டிகிரியாகக் காட்டும். நெரிசலில் நிற்கும்போது சூடு ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன், அதன் ரிலே, ஃபியூஸ் ஆகியவற்றைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது ஏறினால் ரேடியேட்டருக்குள் அடைப்பு, வாட்டர் பம்ப், திறக்காத தெர்மோஸ்டாட் என்று தேட வேண்டும். ஃபேன் எந்த டிகிரியில் ஓடத் தொடங்குகிறது, எந்த டிகிரியில் நிற்கிறது என்பதை வண்டி நன்றாக இருக்கும்போதே குறித்து வைத்துக்கொண்டால், பின்னால் ஒப்பிட உதவும்.

சூடு ஏறாத வண்டியும் நோயாளிதான். “நம்ம ஊருக்கு எதுக்கு சார் தெர்மோஸ்டாட்?” என்று அதைக் கழற்றி வீசிவிடும் பழக்கம் பட்டறைகளில் நெடுங்காலமாக இருக்கிறது. கார்புரேட்டர் காலத்தில் அதன் பாதிப்பு வெளியே அவ்வளவாகத் தெரியாமல் போயிருக்கலாம். கணினி வைத்த இன்ஜினில் அது தவறு, மிகப் பெரிய தவறு. காலை நேரத்தில் நெடுஞ்சாலையில் 60, 65 டிகிரியிலேயே வண்டி ஓடுவதை உறவினர் ஒருவரின் காரில் பார்த்தேன். மைலேஜ் குறைந்துவிட்டது என்று அவர் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்திருந்தார், பிளக்கை மாற்றியிருந்தார். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து கணினி தொடர்ந்து கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருந்தது. தெர்மோஸ்டாட் மாட்டிய பிறகு வெப்பநிலை 85-ஐத் தாண்டி நிலையாக நின்றது. பி 0128 என்ற குறியீடு இதற்கென்றே இருக்கிறது. ஆனால் எல்லாக் கார்களும் அதைக் காட்டுவதில்லை, அவர் காரும் காட்டவில்லை. கூலன்டுக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றுவதும் இதே வகைப் பழக்கம். அந்தத் தண்ணீரில் உள்ள உப்பு ரேடியேட்டர் குழாய்களுக்குள் படிந்து, சில கோடைகளுக்குள் அடைத்துவிடும். கூலன்ட் மாற்றும்போது டிஸ்டில்டு வாட்டர்தான் கலக்க வேண்டும், சூடான வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

பேட்டரிக்கு ஸ்கேனர் காட்டும் வோல்டேஜே போதும். இரவெல்லாம் நின்ற வண்டியில் 12.6 இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. இன்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் இல்லை என்றால் புது பேட்டரி வாங்கும் முன் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்.

இனி இதன் எல்லை. பழைய செடான் பட்டறைக்குப் போகும் காரணங்களில் பெரும்பகுதி இந்தக் கருவியின் கண்ணுக்கே படாது. வேகத்தடையில் இறங்கும்போது ‘டொக்’ என்றால் லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ் அல்லது சஸ்பென்ஷன் மவுண்ட். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி நகரும்போது ‘கட கட’ என்றால் ஆக்சில் ஜாயின்ட். அதன் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறியிருக்கும். வேகத்தோடு கூடிக்கொண்டே போகும் ‘ஹூம்’ என்ற இரைச்சல் வீல் பேரிங். ஏசி போட்டதும் கேபின் அதிர்ந்தால் இன்ஜின் மவுண்டிங். கிளட்ச் வழுக்குவதையும் பிரேக் பேட் தேய்ந்ததையும் காதும் காலும்தான் சொல்லும். நல்ல மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று வந்தாலே இவற்றைப் பிரித்துச் சொல்லிவிடுவார். மலிவான ஸ்கேனர்கள் பல கார்களில் ஏபிஎஸ், ஏர்பேக் பிரிவுகளையும் படிப்பதில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. இந்த ஸ்கேனர்களுக்கு அடிப்படை இ.எல்.எம். 327 என்ற சிப். அதை உருவாக்கிய கனடா நிறுவனம் 2022-இல் மூடப்பட்டது. குறைந்த விலையில் கிடைப்பவை பெரும்பாலும் அதன் நகல்கள், அவற்றின் தரம் ஒன்றுபோல் இருப்பதில்லை. இந்தியாவில் ஓபிடி-2 கட்டாயமானது 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய கார்கள் பலவற்றில் சாக்கெட் இருக்கும், ஆனால் பேசுவது கே-லைன் என்ற மெதுவான பழைய முறையில். சில நகல்கள் அதோடு இணையவே மாட்டேன் என்கின்றன. திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள கடையில் வாங்கி உங்கள் காரிலேயே சோதித்துவிடுங்கள். கே-லைன் காரில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அளவுகளை மட்டும் திரையில் வைத்தால்தான் கிராஃப் தெளிவாக ஓடும். ஐபோன்காரர்கள் வைஃபை அல்லது ப்ளூடூத் எல்இ வகையைக் கேட்டு வாங்க வேண்டும். பழைய ப்ளூடூத் வகை ஐபோனில் வேலை செய்யாது. செயலிகளில் கார் ஸ்கேனர் எனக்குக் கைக்கு வசதியாக இருக்கிறது. ஆண்ட்ராய்டில் டார்க் இன்னும் நன்றாகவே ஓடுகிறது. வேலை முடிந்ததும் கருவியைப் பிடுங்கிவிடுங்கள். அந்த சாக்கெட்டுக்குச் சாவியைத் திருப்பாமலே மின்சாரம் வரும். நாள்கணக்கில் நிற்கும் வண்டியில் பேட்டரி இறங்கும், பாதுகாப்பில்லாத ப்ளூடூத்தும் திறந்தே கிடக்கும்.

குறியீட்டை அழிக்கும் பட்டனை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். விளக்கு எரிந்த நொடியில் வேகம், ஆர்பிஎம், வெப்பநிலை எவ்வளவு என்று கணினி சேமித்து வைத்திருக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேம் தகவலும் சேர்ந்து அழிந்துவிடும். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மெக்கானிக்குக் காட்டுங்கள்.

பழைய செடான் வாங்கப் போகிறவர்களுக்கும் இந்த அழிப்பு விஷயம் உதவும். வண்டியைக் காட்டுவதற்கு முன்னால் விளக்கை அணைத்து வைக்கும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். குறியீடு ஒன்றும் இல்லை என்று ஸ்கேனர் சொன்னாலும் கணினி தானே செய்யும் சோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் ரெடினஸ் மானிட்டர் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பெரும்பாலானவை முடிவடையாமல் இருந்தால் அண்மையில் குறியீடு அழிக்கப்பட்டிருக்கிறது, அல்லது பேட்டரி கழற்றப்பட்டிருக்கிறது. பல கார்கள், அழித்த பிறகு ஓடிய தூரத்தையும் கிலோமீட்டரில் காட்டும். அது பத்து, இருபது என்று நின்றால் அன்று முன்பணம் கொடுக்காமல், நீங்கள் சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி ஸ்கேன் செய்ய வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.