கதையைக் கழற்றிவிட்ட சித்திரக்கதை

சித்திரக்கதை என்று சொல்லும்போதே பாதி முடிவை எடுத்துவிடுகிறோம். சித்திரம் இருக்கும், கூடவே கதையும் இருந்தாகணும். ஆள் இல்லை, ஊர் இல்லை, பலூனுக்குள் வசனம் இல்லை, கட்டம் கட்டமாக வெறும் கோடும் கறையும்தான் என்றால் அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது? ஆந்த்ரேய் மொலோட்டியு தொகுத்து 2009இல் ஃபேன்டாகிராஃபிக்ஸ் வெளியிட்ட ‘அப்ஸ்ட்ராக்ட் காமிக்ஸ்’ முழுக்க அப்படிப்பட்ட பக்கங்கள்தான். யாரிடம் காட்டினாலும் வருவது ஒரே கேள்வி: “இதை பெயின்டிங்னு சொல்லிட்டுப் போகலாமே, எதுக்கு காமிக்ஸ்?”

நியாயமான கேள்வி.

காண்டின்ஸ்கி 1937இல் வரைந்த ‘முப்பது’ ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். கறுப்பு வெள்ளையில் முப்பது கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு விசித்திர வடிவம். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் காமிக்ஸ் பக்கம். ஆனால் மூலையில் தொடங்கினாலும் சரி, நடுவில் குதித்தாலும் சரி, ஒன்றும் குறைவதில்லை. ஒரு கட்டத்தில் நடந்தது பக்கத்துக் கட்டத்துக்குத் தெரியாது. ஒரே ஹாஸ்டலில் இருந்தும் பேசிக்கொள்ளாத முப்பது பேர் மாதிரி. ஓவியமாக எனக்கு ரொம்பப் பிடிக்கும். காமிக்ஸ் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கட்டம் போட்டால் மட்டும் போதாது. முந்தின கட்டத்தின் ஞாபகம் அடுத்ததில் இருக்க வேண்டும். முதல் கட்டத்தின் மூலையில் சின்னதாக ஒரு கறை. இரண்டாவதில் அது கொஞ்சம் வீங்குகிறது. மூன்றாவதில் ஓரத்தைத் தொட்டுவிடுகிறது. நான்காவதுக்குக் கண் போகும் முன்பே மனசு “உடையப் போகுது” என்கிறது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை, ஆனாலும் பதற்றம் உண்மையானது. கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளைச் சந்தில் நிகழ்வை நிரப்புவது வாசகர்தான் என்று ஸ்காட் மெக்லவுட் ‘அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்’ (1993) நூலில் விளக்கினார். அந்தச் சந்தை நிரப்ப கொலையோ முத்தமோ வேண்டாம், ஒரு கறை போதும்.

லிக்டென்ஸ்டைன் செய்தது இதற்கு நேர் எதிர். 1965இல் அவர் வரைந்த ‘ப்ரஷ்ஸ்ட்ரோக்ஸ்’ ஒரு மலிவு விலை காமிக்ஸின் ஒற்றைக் கட்டத்திலிருந்து பிறந்தது. முன்னும் பின்னும் இருந்த கட்டங்கள் போய்விட்டன, அவற்றோடு நேரமும் போய்விட்டது. மிஞ்சியது சுவரில் மாட்ட ஒரு ஓவியம். அக்கம்பக்கத்தை வெட்டிவிட்டால் காமிக்ஸ் ஓவியமாகிவிடும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான நிரூபணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மொலோட்டியுவின் தொகுப்பு ஏற்ற இறக்கமானது. சில பக்கங்கள் அழகான மைப்படங்களைக் கத்தரித்துக் கட்டத்தில் ஒட்டியது போலத்தான் இருக்கின்றன, புரட்டிப் போய்விடலாம். வேடிக்கை என்னவென்றால், தொகுப்பில் நன்றாக ‘ஓடும்’ பக்கங்களில் சில ராபர்ட் க்ரம்ப் கிண்டலுக்காக வரைந்தவை. 1968இல் ‘ஸாப்’ முதல் இதழில் வந்தவை அவை. நவீன ஓவியத்தின் பெருமிதத்தை நையாண்டி செய்யத்தான் வரைந்தார், ஆனால் காமிக்ஸ்காரனின் கை சும்மா இருக்குமா? உருவம் ஒவ்வொன்றும் அடுத்ததை இடித்துத் தள்ளிக்கொண்டு போகிறது.

அரூப காமிக்ஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் உடனே பெரிய ஓவியர்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவது எனக்கு உவப்பாக இல்லை. கேலரிக்குள் நுழைய காமிக்ஸுக்கு எதற்கு சிபாரிசுக் கடிதம்? ஓவியம் காமிக்ஸிடம் கடன் வாங்கிய இடங்களையும் கொஞ்சம் பேசலாமே.

உதாரணத்துக்கு பியர் அலெஷின்ஸ்கி. பெல்ஜியக்காரர், கோப்ரா குழுவில் இருந்தவர், ப்ரஸ்ஸல்ஸில் புத்தகச் சித்திரமும் அச்செழுத்தும் படித்தவர். அவருடைய ‘சென்ட்ரல் பார்க்’ (1965) நடுவில் வண்ணம் கொந்தளிக்கும் அக்ரிலிக் ஓவியம். அதைச் சுற்றிலும் காகிதத்தில் கறுப்பு மையால் வரைந்த சின்னச் சின்னக் கட்டங்கள். அச்சுப் பிரதிகளில்தான் பார்த்திருக்கிறேன், அதிலேயே கண் படும் பாடு தெரிகிறது. நடுப்பகுதியை ஒரே பார்வையில் விழுங்கிவிடலாம். ஓரத்தில் அது நடக்காது, கண் ஒவ்வொரு கட்டமாக நடந்தாகணும். நான் மேல் இடது மூலையில் தொடங்குவேன், புத்தகப் பழக்கம். வலப்பக்கம் இறங்கி, கீழே வந்ததும் தடுமாற்றம்: இப்போது எந்தப் பக்கமாகப் படிப்பது? வந்த திசையிலேயே சுற்றுவதா, மறுபடி இடமிருந்து தொடங்குவதா? அந்தக் குழப்பத்தில் பார்வை நடுவுக்குத் தாவும். போகும்போது பூங்காவாக இருந்தது, திரும்பி வரும்போது அங்கே ஏதோ பிராணி படுத்திருக்கிறது.