கட்டளையும் காத்திருப்பும்: வின்சர் மெக்கேயின் ‘கெர்ட்டி’ மேடையிலும் திரையிலும்

அசைவூட்டப்பட வரலாறுகளில் அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கேயின் ‘கெர்ட்டி தி டைனோசர்’ (1914) பெறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். கோட்டோவியமாகப் பிறந்த ஓர் உருவத்துக்குத் தனிக்குணம் வாய்த்தது இப்படத்தில்தான் என்பர். அங்கிருந்து டிஸ்னி வரை ஒரு நேர்க்கோடு இழுப்பர். இம்மதிப்பீடு பிழையன்று, எனினும் எந்தப் பனுவலை முன்வைத்து அது சொல்லப்படுகிறது என்ற வினா எழுப்பப்படுவதில்லை. இன்று நமக்குக் கிடைப்பது 1914 டிசம்பரில் திரையரங்குகளுக்கென வெளியான வடிவம். அவ்வாண்டு பிப்ரவரியில் சிகாகோவின் பேலஸ் அரங்கில் மேடையேறியதோ படமன்று, நிகழ்ச்சி. கூத்தை அச்சுப்பிரதியில் மட்டும் படித்து, அடவையும் அவையையும் மறந்துவிடும் ஆய்வுக்கு நேரும் குறையே இங்கும் நேர்ந்துள்ளது.

மெக்கே மேடைக்குப் புதியவரல்லர். ‘லிட்டில் நெமோ’ நாளிதழ்ச் சித்திரத்தொடரால் புகழ்பெற்றிருந்த அவர், 1906 முதல் வாடெவில் எனப்பட்ட பல்சுவை அரங்குகளில் கரும்பலகை முன் நின்று, இரு முகங்களைக் குழந்தைப் பருவத்திலிருந்து முதுமை வரை அவையோர் கண்முன்னே மாற்றி மாற்றி வரைந்து காட்டினார். விரைவோவியம் அன்று பிழைப்புக்குரிய ஒரு மேடைத்தொழில். கெர்ட்டியும் அத்தொழிலின் நீட்சியே. இம்முறை வரைதல் முன்கூட்டியே முடிந்திருந்தது. அவைமுன் நிகழ வேண்டியது உரையாடல் மட்டுமே.

சாட்டையுடன் மேடையேறும் மெக்கே கெர்ட்டியை அழைக்கிறார். பாறைகளுக்குப் பின்னிருந்து அது தலைநீட்டுகிறது. காலைத் தூக்கச் சொல்கிறார், தூக்குகிறது. கடிந்துகொண்டால் அழுகிறது. அட்டை ஆப்பிளை எறிவதுபோல் பாவித்து அவர் மறைத்துக்கொள்ள, திரையில் கெர்ட்டி அதைக் கவ்வுகிறது. இறுதியில் அவர் திரைக்குப் பின் செல்ல, அதே கணத்தில் வரையப்பட்ட சிறு மெக்கே திரைக்குள் தோன்றிக் கெர்ட்டியின் முதுகேறிப் போகிறார்.

இந்நிகழ்ச்சியின் நுட்பம் அசைவில் இருப்பதைவிட அசையாமையில் இருப்பதாகவே இக்கட்டுரையாளர் கருதுகிறார். ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னும் பின்னும் மெக்கே பேசுவதற்கான இடைவெளி படத்துக்குள்ளேயே வரையப்பட்டாக வேண்டும். அவ்வேளையில் கெர்ட்டி வெறுமனே நிற்பதில்லை. மூச்சுவிடுகிறது, அசைந்தாடுகிறது, கவனம் சிதறுகிறது. அம்மூச்சின் கால அளவைத் தம் மூச்சைக் கொண்டே அவர் கணித்தார். நாம் ‘குணம்’ என்று பாராட்டும் பிடிவாதமும் சோம்பலும் இக்காத்திருப்புகளில்தான் உருவாகின்றன. கட்டளைக்கும் கீழ்ப்படிதலுக்கும் இடையே சற்றுத் தாமதித்தால்தானே அடம்பிடிப்பதாகத் தோன்றும்! உண்மையில் பணிந்தவர் மெக்கேதான். படச்சுருள் எவருக்காகவும் காத்திராது. கைவிசையால் சுழன்ற அக்காலத் திரையிடுகருவியின் ஓட்டத்துக்கு இசைவாகச் சாட்டைக்காரரே தம் பேச்சை அளந்தாக வேண்டியிருந்தது.

திரையரங்கு வடிவத்தில் அவர் குரலின் இடத்தை எழுத்தட்டைகள் பிடித்தன. அதனினும் முக்கியமானது முற்பகுதியில் சேர்க்கப்பட்ட நடிப்புக் காட்சி: அருங்காட்சியகத்தில் டைனோசர் எலும்புக்கூட்டின் முன் சக ஓவியர் ஜார்ஜ் மெக்மேனஸுடன் பந்தயம், பத்தாயிரம் ஓவியங்கள் என்ற பெருமிதம், சிதறி விழும் தாள்கட்டு. மேடையில் மறைக்கப்பட்ட உழைப்பு திரையில் காட்சிப்பொருளாகிறது. வித்தைக்காரரின் உடல் இல்லாத இடத்தை உழைப்பின் எண்ணிக்கை நிரப்புகிறது என்பது என் வாசிப்பு. இவ்வுத்தி 1911ஆம் ஆண்டின் ‘லிட்டில் நெமோ’ படத்திலேயே உண்டு என மறுக்கலாம். ஆயினும் அதுவும் வைட்டாகிராஃப் நிறுவனம் திரையரங்குகளுக்கு அளித்த படம் என்பதால் இவ்வாசிப்பு வலுப்பெறுகிறதே தவிர நலிவதில்லை.

தொடக்ககால அசைவூட்டத்தில் கலைஞர் தம்மையே படத்துக்குள் பதித்துக்கொள்ளும் போக்கை டொனால்ட் கிராஃப்டன் ‘பிஃபோர் மிக்கி’ (1982) நூலில் விரிவாக விளக்கியுள்ளார். அதனை வடிவக்கூறாக மட்டும் கொள்வது போதாது. அது வருவாய் சார்ந்தது. மெக்கேக்கு அசைவூட்டம் ஒருபோதும் முழுநேரத் தொழிலாக அமையவில்லை. நாளிதழ் ஊதியமும் மேடை வருவாயுமே அவருடைய படங்களைத் தாங்கின. தாம் தோன்றும் மேடைதான் அவருடைய சந்தை. அவரைப் பணியில் அமர்த்தியிருந்த நாளிதழ் அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட் மேடைநிகழ்ச்சிகளைக் கட்டுப்படுத்தியபோது, அந்த வாழ்க்கைப்பாதை ஏறத்தாழ அடைபட்டது.

அதே 1914இல் ஜான் பிரே அசைவூட்ட உத்திகளுக்குக் காப்புரிமை பெற்று, வேலைப்பிரிவினை கொண்ட படக்கூடத்தை வளர்த்தெடுத்தார். ஒருவர் வரைய, மற்றொருவர் நகலெடுக்க, வேறொருவர் மைதீட்டும் அமைப்பில் ‘அசைவூட்டக் கலைஞர்’ என்பது ஒரு பணிப்பெயராயிற்று. மெக்கே தோற்றதையும் பிரே வென்றதையும் தொழில்நுட்ப முன்னேற்றமாக மட்டும் எழுதிவிடுவது எளிது. கெர்ட்டிக்காகப் பின்னணியை ஒவ்வொரு தாளிலும் மீண்டும் மீண்டும் படியெடுத்தவர் ஜான் ஃபிட்ஸ்சிமன்ஸ் என்ற மாணவர் என்பதால், வேலைப்பிரிவினையைப் பிரேதான் கொண்டுவந்தார் என்பதும் முழுதும் சரியாகாது. மாறியது மேடைக்கு வருபவர் யார் என்பதே.

1918இல் வெளிவந்த ‘லூசிட்டானியா மூழ்கடிப்பு’ படத்தை மெக்கே தம் சொந்தப் பணத்தில், ஒளிபுகும் செல்லுலாய்டு தாள்களில் வரைந்து முடித்தார். அதன் முற்காட்சியிலும் அவர் தோன்றுகிறார், சாட்டையில்லை, அவையில்லை, உதவியாளர்களுடன் வேலையில் மூழ்கியிருக்கிறார்.