செத்தும் கொடுத்த இரு வணிகர்

திருகோணமலைத் துறைமுகத்திற்கு வடமேற்கே, பெரியகுளத்தருகே உள்ள இராசராசப் பெரும்பள்ளியின் தமிழ்ச் சாசனங்களைப் படிப்போர் ஒன்றை உணர்வர். நந்தாவிளக்கெரிக்க அளித்த பசுக்களும் காசும் அங்கே கணக்குடன் பொறிக்கப்பட்டுள்ளன. அச்செல்வம் எவ்வழி வந்தது என்பதைக் கல் கூறுவதில்லை. கொடை எழுத்தில் நிற்க, ஈட்டம் மறையும் இம்மரபு நம் இலக்கியத்திலும் தொடர்ந்தது. கீழக்கரைச் சீதக்காதி அதற்குத் தக்க சான்று.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த செய்கு அப்துல் காதிர் மரைக்காயரே சீதக்காதி. கிழவன் சேதுபதியிடம் செல்வாக்குப் பெற்றவர். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடத் துணைநின்ற முதற் புரவலர். அவர் மறைந்தபின் பரிசில் நாடி வந்த புலவனுக்குக் கல்லறையிலிருந்து கை நீண்டு மோதிரம் அளித்ததென்பர். கதை அழகியதே. ஆயின் மோதிரம் நீட்டிய கையை அறிந்த நாம் தராசு பிடித்த கையை அறியோம்.

ஒல்லாந்தர் 1665இல் திருகோணமலையில் மீண்டும் காலூன்றிய பின்னர், இலங்கைத் துறைகளின் பாக்கு, துணி வாணிகத்தைத் தம் ஏகபோகமாக்க முயன்றனர். மரைக்காயரின் கலங்கள் இம்முயற்சியோடு மோதவேண்டியிருந்தது. ஒல்லாந்த ஆவணங்களில் சேதுபதியின் வலக்கரமாகக் காணப்படும் பெரியதம்பி மரைக்காயர் சீதக்காதியே என்பாரும், அல்லர் என்பாரும் உளர். புகழ்பெற்ற ஒருவரை இனங்காண்பதிலேயே இத்துணை இடர்ப்பாடு!

ஈண்டு ரியூடர் கால இலண்டன் வணிகர் சேர் தோமஸ் கிறெஷாமை ஒப்பிடுதல் பயன்தரும். அன்ற்வேர்ப் நகரில் ஆங்கில முடியின் கடன் முகவராக இருந்தவர் அவர். நாணய மாற்று வீதத்தைத் தமக்கேற்பத் திருப்பியதையும், வெடிமருந்தை மறைவாகக் கப்பலேற்றியதையும் அவர் கடிதங்களே பேசுகின்றன. அவர் எழுப்பிய வணிகர் மன்றத்தை 1571இல் எலிசபெத் அரசி திறந்துவைத்தாள். 1579இல் அவர் இறந்தார். மன்றத்தின் வாடகையைக் கொண்டு எழுவர் இலவச விரிவுரையாற்ற வேண்டுமென்பது மரணசாசனம். மனைவி இறந்த மறு ஆண்டு, 1597இல், விரிவுரைகள் தொடங்கின. அவை இன்றும் நடைபெறுகின்றன. செத்தும் கொடுத்தவர் என்னும் தொடர் சட்டப்படி பொருந்துவது இவருக்கே! எனினும் இவரையும் கற்பனை விட்டுவைக்கவில்லை. தீய நாணயம் நல்ல நாணயத்தை விரட்டும் என்ற விதிக்கு இவர் பெயரைச் சூட்டியவர், 1858இல் எழுதிய மக்லியொட்.

புலவன் கணக்கெழுத வந்தவன் அல்லன் என மறுக்கலாம். மறுப்பு நியாயமானதே. குறை புலவனிடத்தன்று, வாழ்த்துப் பாடலை வாழ்க்கை வரலாறாக எடுத்தாளும் நம் விமர்சகரிடத்தே உள்ளது. கொடையைத் தனிமனித ஈரமென்று மட்டும் கொண்டால், அரசவையில் வணிகனுக்கு அது ஈட்டித்தந்த மதிப்பும் பாதுகாப்பும் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டுவிடும். தமிழ்ப் புரவலர் பலரை இவ்வாறே நாம் பாதி மட்டும் படித்திருக்கிறோம்.

இவ்வகையில் சீதக்காதி நொண்டி நாடகம் மறுவாசிப்புக்குரியது. அதில் அவர் காலிழந்த கள்வனுக்கு மக்காப் பயணத்திற்கு வழிசெய்கிறார். இதனை அருட்செயலாகவே எடுத்துரைப்பது ஆசிரியர்தம் வழக்கம். கீழக்கரையிலிருந்து மக்காவுக்குச் செல்லக் கப்பல் வேண்டும் என்பதை எந்த உரையாசிரியர் கருதினார்?