சிரித்தவர்களும் அழுதவர்களும்

“கார்ட்டூன் படம் என்று எண்ணிப் பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்தேன் ஹஜ்ரத், பாதியில் நிறுத்திவிட்டு அவர்களைத் தூங்க அனுப்பும்படி ஆயிற்று” என்று நண்பர் ஒருவர் நம்மிடம் குறைபட்டுக்கொண்டார். அவர் குறிப்பிட்டது, 1986ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் உருவான ‘வென் தி விண்ட் புளோஸ்’ என்னும் சித்திரப்படம். ‘காற்று வீசும்போது’ என்பது அதன் பொருள். அணுகுண்டு விழுந்தபின் ஒரு முதிய தம்பதி வாழ்ந்து முடிக்கும் சில நாட்களே அதன் கதை. நண்பரின் குறையைக் கேட்டபின் நாமும் அதனை இல்லத்தாருடன் இருந்து பார்த்தோம். பார்த்து முடித்தபோது, படத்தைப் பற்றி எழுதுவதோடு, பார்ப்பவர் உள்ளத்தில் அது எழுப்பும் உணர்ச்சிகளையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றிற்று.

முதலில் படத்தின் வரலாற்றைச் சுருங்கச் சொல்வோம். ரேமண்ட் பிரிக்ஸ் என்னும் ஆங்கிலேய ஓவியர் (1934–2022) தாமே எழுதி வரைந்த நூல் 1982இல் வெளிவந்தது. 1978இல் ‘தி ஸ்னோமேன்’ என்ற பனிமனிதன் கதையைப் படைத்துக் குழந்தைகளின் அன்பைப் பெற்றவர் அவர். நூலைத் திரைக்குக் கொண்டுவந்தவர் ஜிம்மி முரகாமி. ஜப்பானிய மரபில் வந்த அமெரிக்கர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிறுவனாக இருந்தபோதே, கலிபோர்னியாவின் டூலி லேக் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டவர். ஜான் மில்ஸும் பெகி ஆஷ்கிராஃப்ட்டும் முதியவர்களுக்குக் குரல் கொடுத்தனர். வீட்டையும் தட்டுமுட்டுப் பொருள்களையும் சிறு உருவங்களாகச் செய்து படம்பிடித்து, மனிதர்களை மட்டும் கையால் வரைந்து அவற்றினூடே நடமாட விட்டிருக்கிறார்கள். வீடு திண்மையாக நிற்கிறது. அதில் குடியிருப்பவரோ அழித்தால் அழியும் கோடுகளாக இருக்கின்றனர்.

கதை எளியது. ஜிம், பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஹில்டா, வீட்டைத் துடைத்துத் தூய்மையாக வைத்திருப்பதில் நிறைவு காணும் மூதாட்டி. போர் மூளப்போகிறது என்று நூலகத்துச் செய்தித்தாளில் படித்த ஜிம், அரசாங்கம் வெளியிட்ட கையேடுகளை வீட்டுக்குக் கொண்டுவருகிறார். கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்து மறைவிடம் அமைக்கிறார். சன்னல் கண்ணாடிகளுக்கு வெள்ளை பூசுகிறார். குண்டு விழப்போகும் கணத்திலும் ஹில்டாவின் கவலை, அடுப்பில் உள்ள கேக் கருகிவிடுமே என்பதுதான். குண்டு விழுகிறது. இருவரும் பிழைக்கின்றனர். பதினான்கு நாள் மறைவிடத்தில் இருக்க வேண்டியவர்கள் முன்கூட்டியே வெளியே வந்துவிடுகின்றனர். குடிநீர் தீர்ந்தபின் மழைநீரைப் பிடித்துப் பருகுகின்றனர். உதவி வரும் என்று காத்திருக்கின்றனர். தலைவலி, வாந்தி, ஈறுகளில் குருதி, உதிரும் கூந்தல் என்று கதிர்வீச்சு நோய் முற்றுகிறது. அது வயதினால் வந்த தளர்ச்சி என்று ஒருவரை ஒருவர் தேற்றிக்கொள்கின்றனர்.

இனி, பார்ப்பவர் நிலைக்கு வருவோம். முதலில் எழுவது நம் நண்பருக்கு எழுந்த சினம்: சித்திரப்படம் என்றால் சிறுவர்க்கு உரியது, அதில் ஏன் இத்தனை இருள்? இந்தச் சினம் புதியதன்று. ஜப்பானில், ஆறு வயதில் ஹிரோஷிமா குண்டுவீச்சில் உயிர் தப்பிய கெய்ஜி நகசாவா, தம் அனுபவத்தை ‘வெறுங்கால் கென்’ என்னும் படக்கதையாக 1973 முதல் வரைந்தார். 1983இல் அது சித்திரப்படமும் ஆயிற்று. அந்தப் படக்கதையை மாணவர் எளிதில் எடுக்க இயலாதவாறு உள்ளே வைக்கும்படி 2012இல் மட்சுஏ நகரக் கல்வித் துறை பள்ளி நூலகங்களைக் கேட்டுக்கொண்டது. எதிர்ப்பு எழுந்தபின் 2013இல் அவ்வேண்டுகோளைத் திரும்பப் பெற்றது. சிறுவர்க்கு மட்டும் இந்தக் காவல் என்று எண்ண வேண்டாம். அணுப்போரைப் பற்றி 1965இல் பீட்டர் வாட்கின்ஸ் எடுத்த ‘தி வார் கேம்’ படத்தை, மிகக் கொடியது என்று கூறி ஒளிபரப்ப மறுத்தது பி.பி.சி. ஆஸ்கார் விருது பெற்ற அப்படம் 1985இல்தான் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. வளர்ந்தவரின் அச்சத்துக்கும் இருபது ஆண்டுகள் பூட்டுப் போட்டிருந்தனர்!

பச்சிளம் பிள்ளைகளுக்கு இப்படம் ஏற்றதன்று என்பதில் நண்பரோடு நாம் உடன்படுகிறோம். ஆனால் அது படத்தின் குற்றம் ஆகாது. படத்தின் பெயரே ஆங்கிலத் தாலாட்டு ஒன்றிலிருந்து எடுத்தது. அந்தத் தாலாட்டில் காற்று வீசினால் தொட்டில் ஆடுகிறது; கிளை முறிந்தால் தொட்டிலே கீழே விழுகிறது. தொட்டிலருகே பாடும் பாட்டிலும் அச்சத்துக்கு இடம் உண்டு என்பதை அன்னையர் அறிவர்.

இரண்டாவது எழுவது சிரிப்பு. “இப்படியும் அப்பாவிகள் இருப்பார்களா, வாப்பா?” என்று நம் மகள் கேட்டுச் சிரித்தாள். உண்மையைச் சொன்னால், நாமும் சிரித்தோம். குண்டு விழுந்த மறுநாள் பால்காரரையும் செய்தித்தாளையும் எதிர்பார்க்கும் மூதாட்டியைக் கண்டு சிரியாதார் யார்? நகை எவற்றிலிருந்து பிறக்கும் என்று சொல்லவந்த தொல்காப்பியர், எள்ளலோடும் இளமையோடும் பேதைமையையும் மடனையும் சேர்த்து எண்ணுகிறார். கேட்டதை ஆராயாமல் மெய்யென்று கொள்வதும், கொண்டதை விடாது பற்றிக்கொள்வதும் இவ்விரண்டின் இயல்பு என்பர் உரைகாரர். ஜிம்முக்கு இவை இரண்டும் அளந்து தைத்த சட்டைபோல் பொருந்துகின்றன. ஓரிரு இடங்களில் அந்தச் சட்டையைப் படைப்பாளர் வேண்டுமென்றே தொளதொளப்பாக்கியும் இருக்கிறார்; அதுவே படத்தின் குறை என்போம். மக்கள் அத்துணை அறியாதவர் அல்லர்.

ஆயினும் இந்தச் சிரிப்பில் ஓர் ஆபத்து உண்டு. ‘நாம் அவர்களைப் போன்றவர் அல்லர்’ என்று சிரிப்பவர் ஒதுங்கிக்கொள்கிறார். பாதிப் படத்துக்குமேல், நம் அறையில் சிரிப்பு தானாக அடங்கிற்று. ஜிம் செய்த எந்தச் செயலும் அவராகக் கற்பித்துக்கொண்டதன்று என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கதவைக் கழற்றிச் சாய்ப்பதும், சன்னலுக்கு வெள்ளை பூசுவதும், பதினான்கு நாள் உணவும் நீரும் சேர்த்துவைப்பதும், பிரிட்டிஷ் அரசு 1980இல் ‘புரொடெக்ட் அண்டு சர்வைவ்’ என்ற பெயரில் ஐம்பது பென்ஸ் விலையிட்டு விற்ற கையேட்டில் உள்ளவையே. நாம் சிரித்தது கிழவரை நோக்கி. சிரிப்புக்கு உரியது தாளில் அச்சாகியிருந்தது!

மூன்றாவது எழுவது அழுகை. ஹில்டா தலைவாரும்போது கூந்தல் கற்றையாக வந்துவிடும் காட்சியில் நம் இல்லாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுவது நல்ல உள்ளத்தின் அடையாளமே. ஆனால் அரபு மொழியில் கண்ணீர்த் துளிக்கு ‘அப்ரத்’ என்றும், படிப்பினைக்கு ‘இப்ரத்’ என்றும் பெயர். இரண்டும் ‘கடந்து செல்லுதல்’ என்னும் பொருள் தரும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. கண்ணீர் இமையைக் கடக்கிறது. படிப்பினை கண்டதிலிருந்து காணாததற்குக் கடந்து செல்கிறது. இமையைக் கடந்ததோடு நின்றுவிட்டால் பயணம் பாதியே. ‘ஐயோ பாவம்’ என்று எழுந்து செல்பவர் அந்தப் பாதி வழியில் நின்றுவிட்டவர்.

மறுபாதி வழியைப் படத்தின் முடிவு காட்டுகிறது. இருவரும் சாக்குகளுக்குள் புகுந்து படுத்திருக்கின்றனர். இறைவனை வேண்டும்படி ஹில்டா கேட்கிறார். வெகுகாலமாக வழிபாட்டை மறந்திருந்த ஜிம், தேவாலயத்தில் எப்போதோ கேட்ட சொற்களைத் துண்டு துண்டாகத் தேடி எடுக்கிறார். தாவீதின் சங்கீதத்தில் வரும் மரணப் பள்ளத்தாக்கு வருகிறது; அதனோடு தவறுதலாக டென்னிசனின் போர்ப்பாட்டும் ஒட்டிக்கொள்கிறது. அத்தோடு குரல் ஓய்கிறது. பார்ப்பவர் பலர் இதனை மறதியின் பரிதாபம் என்று கொள்வர். அந்தப் போர்ப்பாட்டின் பொருள் யாது? கிரிமியப் போரில், 1854ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், பாலக்லாவா என்னுமிடத்தில், பிழையாகச் சென்றடைந்த ஆணை ஒன்றைக் கேள்வி கேளாமல் ஏற்றுப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்த அறுநூறு குதிரைவீரரைப் பற்றியது அது. கீழ்ப்படிந்தே மாண்டவர் பாட்டு, கீழ்ப்படிந்தே மாளும் கிழவரின் வாயில் இறுதிச் சொல்லாகிறது. படைத்தவர் இதனை அறியாமல் வைத்திருப்பார் என்று நாம் நம்பவில்லை. படம் முழுவதற்கும் திறவுகோல் இதுவே.

அச்சம் பிறக்கும் இடங்களை எண்ணும்போது, அணங்கு, விலங்கு, கள்வர் ஆகியவற்றோடு தம்மை ஆளும் இறைவனாகிய அரசனையும் வைத்தார் தொல்காப்பியர். ஜிம்மும் ஹில்டாவும் கதிர்வீச்சை அஞ்சாதது மட்டுமன்று. ஆள்வோர்க்குப் பிழை நேரக்கூடும் என்ற அச்சமும் அவர்களிடம் இல்லை. மேலே இருப்பவர்கள் எல்லாம் அறிவார்கள் என்ற நல்லெண்ணமே அவர்களைக் கொல்கிறது. நல்லவர்களை நல்லெண்ணமே கொல்லும் காட்சிதான் இப்படத்தின் இருள். மண்ணின் சாம்பல் நிறமும் கருகிய மரங்களும் அந்த இருளின் புறத்தோற்றம்.

இதனை எழுதும் நமக்கும் இதில் பங்கு உண்டு. செய்தி வந்தால் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று தொடரை ஆராய வேண்டும் என்பது மதரசாவில் நாம் கற்ற கலை; முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்தும் வருகிறோம். அப்படிப்பட்ட நாம், 2020இல் தொற்றுநோய்க் காலத்தில், எங்கிருந்து வந்தது என்று தெரியாத அறிவுரைத் தாள் ஒன்றை நூறு படி எடுத்து அண்டை வீடுகளுக்கு வழங்கினோம். அச்செழுத்தில் இருந்தது, அழகாகவும் இருந்தது. அதில் பாதிக்குமேல் தவறு என்று பின்னர் ஒரு மருத்துவர் சொல்லித்தான் அறிந்தோம். யாருக்கும் தீங்கு நேரவில்லை. அது நம் திறமையால் அன்று. ஜிம்மைக் கண்டு சிரித்தபோது இது நம் நினைவில் இல்லை. அவர் குரல் ஓய்ந்தபோது நினைவுக்கு வந்தது.

படம் முடிந்து நெடுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு, முதலில் சிரித்த மகளே கேட்டாள்: “அந்தத் தாளை எழுதினது யாரு, வாப்பா?” ஜிம் ஒருமுறையேனும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. இவ்வளவு இருண்ட படத்தைப் பார்க்கத்தான் வேண்டுமா என்று வினவும் நேயர்களுக்கும், குறைபட்டுக்கொண்ட நண்பருக்கும் நாம் சொல்வது இதுவே. சிறு பிள்ளைகளைத் தூங்க அனுப்பியது சரி. வளர்ந்த பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு கடைசிவரை பாருங்கள். முடிந்தவுடன் விளக்கைப் போட்டு எழுந்துவிடாமல், அவர்கள் வாய் திறக்கும் வரை சற்றே காத்திருங்கள்.